கடலோரத்துப் பழைய வீடு: முதலில் காகிதம், அப்புறம் சுத்தியல்

வாசகி கடிதம்: நானும் என் கணவரும் ஃப்ளோரிடாவில், டாம்பா நகரில் 22 வருடமாக இருக்கிறோம். ஓய்வு பெற்றபின் கடல் பக்கத்தில் போய் இருக்க வேண்டும் என்பது என் ஆசை. சாரசோட்டாவை ஒட்டிய சியெஸ்டா கீ தீவில் 1954-ல் கட்டிய வீடு ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. ஒரே தளம், தட்டைக் கூரை, சுவர் இருக்க வேண்டிய இடமெல்லாம் பெரிய பெரிய கண்ணாடி, உள்ளே நம் ஊர் மாதிரியே மொசைக் தரை. கேட்கும் விலை 26 லட்சம் டாலர். கவுண்டி (நம் ஊர் மாவட்ட நிர்வாகம் மாதிரி) வரிக் கணக்கில் கட்டடத்துக்கு 2,80,000 டாலர்தான் போட்டிருக்கிறது, மிச்சமெல்லாம் மனை. 2024 புயலில் உள்ளே ஓர் அடித் தண்ணீர் நின்றதாம். "மனைக்குத்தான் விலை, வீடு சும்மா வருகிறது. இடித்துவிட்டு மூன்று மாடி கட்டுங்கள்" என்கிறார் தரகர். கணவரும் அதே கட்சி. எனக்கோ உள்ளே கால் வைத்ததுமே மனசு ஒட்டிக்கொண்டது. வரைந்தவர் யார் என்று யாருக்கும் தெரியவில்லை. இதை இடிக்காமல் வைத்துக்கொள்ள முடியுமா? அப்படி நினைப்பதே முட்டாள்தனமா?

அன்புள்ள சகோதரி,

முட்டாள்தனம் இல்லை. வைத்துக்கொள்ள முடியும். இந்தக் கடற்கரையில் பழைய வீடுகளைச் செப்பனிடுவதே என் தொழில், அதனால் இதை நம்பிக்கையோடு சொல்கிறேன்.

ஆனால் இப்படி ஆசைப்பட்டு வாங்கியவர்களே கடைசியில் இடிக்க நேர்ந்ததையும் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு வீட்டின்மேல் இருந்த பிரியம் குறையவில்லை. எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது என்று தெரியாமல் சமையலறையிலும் கூரையிலும் கை வைத்து, பாதியில் வெள்ளச் சட்டத்தில் மாட்டிக்கொண்டார்கள். அதனால் வாங்குவதாக இருந்தால், அந்த வீட்டில் ஓர் ஆணி அடிப்பதற்கு முன்பே காகித வேலையை முடித்துவிடுங்கள்.

முதலில் வீட்டைப் பற்றி. அதற்குப் பெரிய குடும்பமே உண்டு. ரால்ஃப் ட்விட்செல் என்ற கட்டடக்கலைஞர் சாரசோட்டாவில் வீடுகள் கட்டிக்கொண்டிருந்தபோது, 1941-ல் அவரிடம் வேலைக்குச் சேர்ந்தவர் பால் ருடால்ஃப். போர் வந்ததும் கடற்படைக்குப் போய், முடிந்ததும் திரும்பி வந்தார். 1958-ல் யேல் பல்கலைக்கழகக் கட்டடக்கலைத் துறைக்குத் தலைவராகப் போகும்வரை இந்தத் தீவுகளில் அவர் கட்டிய சின்னச் சின்ன வீடுகளைத்தான் இன்றும் உலகம் முழுக்க மாணவர்கள் வரைந்து பழகுகிறார்கள். விக்டர் லண்டி, ஜீன் லீடி, டிம் சீபர்ட், ஜாக் வெஸ்ட் என்று அந்த வட்டம் விரிந்தது. பிற்பாடு அதற்குச் சாரசோட்டா பள்ளி என்று பெயர் வந்தது.

வீடுகளில் குளிர்சாதனம் பரவலாவதற்கு முந்தைய காலம் அது. காற்றை வீட்டுக்குள் இழுத்து, வெயிலை வாசலில் நிறுத்த வேண்டும். அதற்காகத்தான் நீண்டு நிழல் தரும் கூரை, எதிரெதிரே திறக்கும் சுவர்கள், உயரத்தில் ஒரு வரிசைக் கண்ணாடி, சாய்த்துத் திறக்கும் கண்ணாடிப் பட்டைகள் எல்லாம். நம் ஊர்க் குளியலறை வெண்டிலேட்டரில் வரிசையாகச் செருகியிருக்குமே, அதே பட்டைகள்தான். இங்கே அவற்றைத் தரையிலிருந்து கூரை வரை வைத்தார்கள். மொசைக்கையும் உங்கள் கண் சரியாகவே பிடித்திருக்கிறது. இங்கே டெராஸோ என்பார்கள். சிமெண்டில் சலவைக்கல் துணுக்கைக் கலந்து ஊற்றி, தேய்த்து, மெருகேற்றிய தரை. நீங்கள் பிறந்த வீட்டில் மத்தியானம் வெறுந்தரையில் படுத்தபோது முதுகில் பட்ட அதே குளுமை.

சியெஸ்டா கீயிலேயே ருடால்ஃபும் ட்விட்செல்லும் 1950-ல் முடித்த விருந்தினர் வீடு ஒன்று இருக்கிறது. கொக்கூன் ஹவுஸ் என்பார்கள், கூட்டுப்புழு வீடு. இரண்டு பக்கச் சுவர்களுக்கு நடுவே இரும்புப் பட்டைகளைத் தூளி கட்டியதுபோல் தொங்கவிட்டு, மேலே பலகை பரப்பி, அதன்மேல் ஒரு வினைல் பூச்சைத் தெளித்தார்கள். போர் முடிந்து ஓரங்கட்டிய கப்பல்களின் தளவாடங்கள் துருப்பிடிக்காமல் இருக்கக் கடற்படை தெளித்த பூச்சு அது. கப்பல் பட்டறையில் பார்த்ததை ஒரு வீட்டின் தலையில் வைத்துப் பார்க்கும் துணிச்சல் ருடால்ஃபுக்கு இருந்தது. சோதனை முயற்சிகள் நிறைந்த வீடுகள் இவை. அதனால்தான் அழகு, அதனால்தான் செப்பனிடுவதும் சிரமம்.

தரகர் சொன்ன "மனைக்குத்தான் விலை" என்பதற்கும் இந்த வீடுகளுக்கும் பழைய உறவு உண்டு. பக்கத்துத் தீவில் லிடோ ஷோர்ஸ் என்ற மனைப்பிரிவைப் போட்டவர் பிலிப் ஹிஸ். மனைகளை விற்க ஆட்கள் வந்து பார்க்கும்படி ஒன்று வேண்டும் என்று 1953-ல் ருடால்ஃபை வைத்துக் கட்டியதுதான் அம்ப்ரெல்லா ஹவுஸ், குடை வீடு. வீட்டுக்கும் நீச்சல் குளத்துக்கும் சேர்த்து மேலே மரச் சட்டங்களால் ஒரு பெரிய நிழல் பந்தல். 1966-ல் ஒரு புயல் அந்தப் பந்தலைப் பிய்த்துக்கொண்டு போனது. முழுப் பந்தலும் மறுபடி வந்தது 2015-ல்தான், இன்றைய காற்று விதிகளுக்குத் தாங்கும்படி. மனை விற்பதற்காகவே பிறந்த வீடுகள்தான் இவை. இன்று அதே மனை விலை ஏறி ஏறி அவற்றின் கழுத்தைப் பிடிக்கிறது.

எப்படிப் பிடிக்கிறது என்பதுதான் உங்களுக்குத் தெரிய வேண்டியது. ஃபீமா என்ற கூட்டாட்சி அமைப்பின் வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்த ஊர்களில் 50 சதவீத விதி என்று ஒன்று உண்டு. வெள்ள அபாயப் பகுதியில் தாழ்வாக நிற்கும் பழைய கட்டடத்தில் நீங்கள் செய்யும் வேலையின் செலவு, அந்தக் கட்டடத்தின் சந்தை மதிப்பில் பாதியைத் தொட்டால், முழு வீட்டையும் இன்றைய வெள்ள விதிக்குக் கொண்டுவர வேண்டும். அதாவது தரைமட்டத்தைத் தூக்க வேண்டும். கவனியுங்கள், கணக்கில் வருவது கட்டடத்தின் மதிப்பு மட்டும். மனை சேராது. நீங்கள் கொடுக்கப்போவது 26 லட்சம், ஆனால் சட்டத்தின் கண்ணில் உங்கள் வீடு 2,80,000. அதில் பாதி 1,40,000. தண்ணீர் நின்ற வீட்டுக்குக் கூரை, மின்கம்பி, சமையலறை, கண்ணாடி என்று தொடங்கினால் இந்தக் கடற்கரைக் கூலியில் அந்தத் தொகை எங்கே போனது என்றே தெரியாது. வெள்ளம் செய்த சேதத்தைச் சரிசெய்யும் செலவுக்கும் இதே விதிதான். தரையோடு தரையாக ஊற்றிய மொசைக் வீட்டை அப்படியே பத்தடி தூக்குவது எஞ்சினியர்களால் முடியாத காரியம் இல்லை. ஆனால் தோட்டத்துப் புல் வீட்டுத் தரையோடு வந்து சேரும் அந்த உறவுதான் இந்த வீட்டின் உயிர். பத்தடி மேலே போனால் அது போய்விடும். அதனால்தான் இந்த இடத்துக்கு வந்ததும் எல்லோரும் இடித்துவிடுகிறார்கள்.

தரகர் உங்களிடம் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. அவருக்கே தெரியாமல் இருக்கவும் வாய்ப்புண்டு. அதே விதியின் வரையறைக்குள்ளேயே வரலாற்றுக் கட்டடங்களுக்கு விலக்கு இருக்கிறது. தேசிய வரலாற்று இடங்கள் பதிவேட்டில் உள்ள கட்டடமோ, அங்கீகாரம் பெற்ற மாநில, உள்ளாட்சிப் பட்டியலில் உள்ள கட்டடமோ, செய்யும் வேலை அதன் வரலாற்றுத் தகுதியைக் கெடுக்காத வரையில், 50 சதவீதக் கணக்குக்குள் வராது. சில ஊர்களில் இது நேரடி விலக்கு. சில ஊர்களில் வேரியன்ஸ் என்று தனி விண்ணப்பம் போட்டு வாங்க வேண்டும். இரண்டிலும், பதிவு முதலில், வேலை அப்புறம். ஜன்னலை மாற்றி, கூரையைக் கனமாக்கி, உள்சுவரை எடுத்துவிட்டு அப்புறம் பதிவுக்குப் போனால், "பதிவு செய்ய இங்கே என்ன மிச்சம் இருக்கிறது?" என்று கேட்பார்கள். கேட்பதும் நியாயம்தான்.

வரைந்தவர் பெயர் தெரியவில்லை என்று கவலைப்பட வேண்டாம். ஒரு காலத்தின் கட்டட முறைக்கு நல்ல உதாரணமாக நின்றாலே தகுதி உண்டு. பொதுவாகக் கேட்கும் 50 வயதை உங்கள் வீடு எப்போதோ தாண்டிவிட்டது. ஆனால் பெயர் கிடைத்தால் பாதை சுலபமாகும், ஆகவே தேடுங்கள். கவுண்டியின் பழைய பெர்மிட் பதிவுகளில் தொடங்குங்கள். ருடால்ஃபின் வரைபடங்கள் வாஷிங்டனில் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன. சாரசோட்டா நகரத்துக்குள்ளேயே ஆர்க்கிடெக்சர் சாரசோட்டா என்ற அமைப்பு இயங்குகிறது. வில்லியம் ரப் 1960-ல் வடிவமைத்த ஒரு பழைய மரச்சாமான் கடையைக் காப்பாற்றி அதில்தான் இருக்கிறார்கள். உங்கள் வீட்டுப் படங்களோடு போய் நில்லுங்கள். உத்தரத்தையும் தூணையும் இணைத்திருக்கும் விதத்தைப் பார்த்தே இன்னார் கை என்று ஊகிக்கக்கூடிய ஆட்கள் அந்த ஊரில் இருக்கிறார்கள்.

சியெஸ்டா கீயின் பெரும்பகுதி நகராட்சிக்குள் வராது, கவுண்டியின் கீழ் வரும். அதனால் கவுண்டியின் வரலாற்றுப் பாதுகாப்பு அலுவலரைத்தான் பார்க்க வேண்டும். ஒப்பந்தத்தில் ஆய்வுக் காலம் என்று சில வாரம் கேட்டு வாங்கி, அந்த நாட்களிலேயே அவரை வீட்டுக்கு அழைத்துக் காட்டி, இது தகுதி பெற வாய்ப்புள்ளதா என்று ஒரு மின்னஞ்சலாவது வாங்கிவிடுங்கள். வாய்வார்த்தை போதாது.

சரி, வீட்டுக்குள் வருவோம். என்னோடு ஒரு ஸ்க்ரூட்ரைவரை எடுத்துக்கொண்டு வாருங்கள்.

உள்ளே போகாதீர்கள், வெளியிலேயே நில்லுங்கள். கூரை உத்தரங்கள் கண்ணாடியைத் தாண்டி வெளியே நீண்டிருக்கும், நுனியில் பெயிண்ட் அடித்திருக்கும். பெயிண்ட் புதிதாகப் பளபளவென்று இருந்தால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். நுனியின் மேல்பக்கம், கூரைப் பலகை வந்து உட்காரும் இடத்தில், ஸ்க்ரூட்ரைவரை மெல்ல அழுத்திப் பாருங்கள். நல்ல சைப்ரஸ் மரம் என்றால் "டக்" என்று நிற்கும். உளுத்திருந்தால் ஊறிய ரஸ்க்கில் இறங்குவதுபோல் சத்தமில்லாமல் இறங்கும். எத்தனை அங்குலம் இறங்குகிறது என்று ஒவ்வொரு நுனியிலும் குறித்துக்கொள்ளுங்கள். வெளியே நீண்ட பகுதி மட்டும் கெட்டிருந்தால் அதை அறுத்து, புது மரத்தை ஒட்டுப்போட்டு இணைக்கலாம். கண்ணாடிக் கோட்டைத் தாண்டி உள்ளே போயிருந்தால் கதை வேறு, செலவும் வேறு.

இதில் நான் ஒருமுறை தவறிவிட்டேன், இன்றும் உறுத்துகிறது. பல வருடம் முன்பு இதே மாதிரி ஒரு வீட்டில், குளிர்சாதனச் செலவைக் குறைக்கலாம் என்று மரக்கூரையின் அடிப்பக்கம் வெப்பத்தைத் தடுக்கும் நுரையைத் தெளிக்கச் சொன்னேன். காற்று நுழைந்து வெளியேறும்படி கட்டிய வீட்டை மூடிக் குளிர வைத்தால் ஈரம் எங்கே போகும் என்று முழுதாக யோசிக்கவில்லை. மேலிருந்து கசிந்த சிறு துளி நுரைக்கும் பலகைக்கும் நடுவே சிக்கிக்கொண்டது. கீழே கறை தெரியவில்லை, வாசனை இல்லை. ஆறு வருடம் கழித்து நுரையைப் பிரித்தபோது பலகை கையோடு வந்தது. அந்த வீட்டுக்காரம்மா என்னைத் திட்டக்கூட இல்லை.

அதனால் உங்களுக்குச் சொல்கிறேன்: வெப்பத் தடுப்பு கூரைக்கு மேலே வர வேண்டும், கீழே கூடாது. அப்போதுதான் உள்ளிருந்து அண்ணாந்து பார்க்கும் அந்த மரப்பலகை விதானமும் மிஞ்சும். "அப்படியென்றால் கூரை விளிம்பு தடித்துவிடுமே" என்று நல்ல தச்சர் கேட்பார். கேட்கிறவரைத்தான் வேலைக்கு வைக்க வேண்டும். சுவருக்கு உள்ளே இருக்கும் பகுதியில் மட்டும் தடுப்பை முழு உயரத்துக்கு வைத்து, வெளியே நீளும் நிழல் பகுதிக்கு வரும்போது சரிவாகக் குறைத்து ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டால், தெருவிலிருந்து பார்க்கிறவருக்குப் பழைய மெல்லிய கோடுதான் தெரியும்.

கண்ணாடியில் நிறையப் பேர் அவசரப்படுகிறார்கள். புயலில் பறந்து வரும் பொருள் அடித்தாலும் சிதறாத கண்ணாடி இந்தக் கரையில் தேவைதான். ஆனால் கடையில் தயாராகக் கிடைக்கும் சட்டம் பழையதைவிட இரண்டு மடங்கு தடிப்பாக இருக்கும். ஒரு சுவரில் பத்துச் சட்டம் அப்படி மாறினால் வீட்டின் முகமே மாறிவிடும். நிலையாகப் பதித்த கண்ணாடிகளுக்கு, பழைய மரச் சட்டத்தையே வைத்துக்கொண்டு அடுக்குக் கண்ணாடி பொருத்த முடியுமா என்று எஞ்சினியரிடம் கணக்குப் போடச் சொல்லுங்கள். பட்டை ஜன்னல்களில் ஒரு சுவரையாவது அப்படியே விட்டு, புயல் நாளுக்கு மட்டும் கழற்றி மாட்டும் தடுப்புப் பலகை செய்துகொள்ளலாம். வரலாற்றுக் கட்டடம் என்று பதிவானால் கட்டட விதியிலும் மாற்று வழிகளுக்கு இடம் உண்டு. காகிதத்தை முந்தச் சொல்வதற்கு இது இன்னொரு காரணம்.

இன்னொன்று. எதையும் பிரிப்பதற்கு முன் ஆஸ்பெஸ்டாஸ் சோதனை, ஈயப் பெயிண்ட் சோதனை இரண்டையும் செய்யுங்கள். அந்தக் காலத்துத் தரைப் பசை, குழாய் உறை, தெளித்த விதானம் எதிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். பால் ருடால்ஃபே 1997-ல் இறந்தது ஆஸ்பெஸ்டாஸால் வரும் மீசோதீலியோமா என்ற புற்றுநோயில்தான். செலவு மிச்சம் என்று வார இறுதியில் நீங்களே சுத்தியலோடு இறங்கிவிடாதீர்கள்.

வெள்ளத்துக்கு வருகிறேன். 2024 செப்டம்பர் 26 அன்று ஹெலீன் புயல் வடக்கே எங்கோ கரையேறினாலும் போகிற போக்கில் கடலை இந்தத் தீவுகளுக்குள் தள்ளிவிட்டுப் போனது. இரண்டு வாரத்துக்குள், அக்டோபர் 9 இரவு, மில்டன் சியெஸ்டா கீ பக்கத்திலேயே கரையேறியது. இதே தீவில் ருடால்ஃப் 1952-ல் செய்த சாண்டர்லிங் கடற்கரைச் சங்கத்தின் குடில்கள், வளைந்த மெல்லிய ஒட்டுப்பலகைக் கூரையோடு 70 வருடத்துக்கு மேல் மணலில் நின்றவை, தேசியப் பதிவேட்டில் இருந்தவை, ஹெலீனில் நொறுங்கிப் போயின. பதிவேடு அலையைத் தடுக்காது. இதை மறைத்து உங்களை வாங்கச் சொல்வது தர்மம் இல்லை.

ஆகவே, வரைபடத்தில் உங்கள் மனை எந்த மண்டலத்தில் விழுகிறது என்று முதலில் பாருங்கள். அலையே வந்து மோதும் வி.ஈ. மண்டலம் என்றால் வாங்க வேண்டாம், நானே தடுக்கிறேன். தண்ணீர் ஏறி நின்று வடியும் ஏ.ஈ. மண்டலம் என்றால் அதோடு வாழப் பழகலாம். தண்ணீரை வெளியே நிறுத்தப் பார்க்காமல், வந்து போகட்டும் என்று வீட்டைத் தயார் செய்ய வேண்டும். அந்த விஷயத்தில் 1954-ன் ஆட்கள் நமக்கு நல்லது செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மொசைக் தரையைக் கழுவி உலர்த்தினால் போதும். கற்சுவரும் அப்படியே. இந்தப் பகுதி வீடுகளில் ஓக்காலா கல் என்ற, லேசான வெண்ணெய் நிறச் சுண்ணாம்புக் கட்டிகள் இருக்கும். உங்கள் வீட்டிலும் இருந்தால் அதன்மேல் பிளாஸ்டிக் பெயிண்ட் மட்டும் அடிக்காதீர்கள், உப்பும் ஈரமும் உள்ளேயே அடைபடும். கெடுவது இடையில் வந்தவர்கள் வைத்த ஜிப்சம் பலகையும், அழுத்தப்பலகை அலமாரியும், தாழ வைத்த மின்இணைப்பும்தான். பிளக் பாயிண்டுகளை நெஞ்சு உயரத்துக்கு ஏற்றுங்கள். குளிர்சாதன எந்திரத்தையும் மின்பெட்டியையும் மேடையில் தூக்குங்கள். கீழ் அலமாரிகளைக் கழற்றி எடுக்கும்படி செய்யுங்கள்.

உங்கள் கணவருடைய மூன்று மாடிக்கு வருகிறேன். அவர் கேட்பது தவறில்லை. பிள்ளைகள் வந்தால் தங்க அறை வேண்டும், மேலிருந்து கடலைப் பார்க்க வேண்டும், வெள்ளம் வந்தால் பொருட்களுக்கு உயரமான இடம் வேண்டும். இதற்குப் பழைய வீட்டை இடிக்க வேண்டியதில்லை, பக்கத்தில் இன்னொன்று எழுப்பலாம். சியெஸ்டா கீயில் ட்விட்செல்லும் ருடால்ஃபும் 1948-ல் கட்டிய ரெவியர் குவாலிட்டி ஹவுஸ் இப்படித்தான் பிழைத்தது. பழைய காங்கிரீட் வீட்டைச் செப்பனிட்டுவிட்டு, அதே மனையில் புதிய கட்டடம் ஒன்றைத் தனியாக எழுப்பினார்கள். வடிவமைத்தவர் கய் பீட்டர்சன் என்ற கட்டடக்கலைஞர். கொஞ்சம் தெற்கே கேசி கீயில் ருடால்ஃபின் ஒரு வீட்டுக்கு, 1990-களின் கடைசியில் தோஷிகோ மோரி என்ற கட்டடக்கலைஞர் தூண்கள்மேல் தூக்கிய விருந்தினர் பகுதியைச் சேர்த்தார். இரண்டிலும் புதியது பழையதைப் போல வேஷம் போடவில்லை, பழையதை மறைக்கவும் இல்லை.

புதியதைப் பழைய வீட்டோடு ஒட்டிக் கட்டினால் அந்தச் செலவும் பழைய வீட்டுக் கணக்கில் ஏறும் ஆபத்து உண்டு. தனியாக நிற்கட்டும், நடுவே நிழல் நடைபாதை போதும். ஒப்பந்தத்துக்கு முன்பே அந்த மனையில் இரண்டாவது கட்டடத்துக்கு இடமும் அனுமதியும் இருக்கிறதா என்று கவுண்டி திட்டப் பிரிவில் கேளுங்கள். முடியாது என்று வந்தால், உங்கள் இருவரில் ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டிவரும். அதில் நான் தலையிட முடியாது.

பணக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கூட்டாட்சி வெள்ளக் காப்பீடு ஒரு குடும்ப வீட்டுக்குக் கட்டடத்துக்கு 2,50,000 டாலர், பொருட்களுக்கு 1,00,000 டாலர், அதற்குமேல் தராது. மிச்சத்துக்குத் தனியார் காப்பீடு, புயல் காற்றுக்கு வேறு காப்பீடு. வரலாற்றுப் பதிவு 50 சதவீத விதியிலிருந்துதான் காக்கும், காப்பீட்டுத் தவணையைக் குறைக்காது. விற்பவரிடம் வெள்ளப் பாலிசி இருந்தால் புதிது எடுக்காமல் அதையே உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். அவர் படிப்படியாக ஏறும் சலுகைத் தவணையில் இருந்தால் அது உங்களுக்கும் தொடரலாம்.

வரியில், ஃப்ளோரிடா சட்டப்படி கவுண்டிகளும் நகரங்களும் வரலாற்றுக் கட்டடத்தைச் செப்பனிடுவதால் கூடும் மதிப்புக்கு 10 வருடம் வரை தங்கள் சொத்துவரியில் விலக்கு தரலாம். இதற்கும் வேலை தொடங்கும் முன்பே விண்ணப்பம் போட வேண்டும். கூட்டாட்சியின் 20 சதவீத வரிச் சலுகை வருமானம் தரும் கட்டடத்துக்கு மட்டும். நீங்களே குடியிருந்தால் கிடைக்காது.

உங்கள் காலத்துக்குப் பிறகும் வீடு நிற்க வேண்டும் என்று நினைத்தால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: தேசியப் பதிவேட்டில் இருப்பதால் மட்டும் அடுத்த சொந்தக்காரர் இடிப்பதைத் தடுக்க முடியாது. சாரசோட்டாவில் ருடால்ஃப் 1958-ல் கட்டிய ரிவர்வியூ உயர்நிலைப் பள்ளியை, எத்தனையோ பேர் எத்தனையோ இடத்திலிருந்து வேண்டிக் கேட்டும், 2009-ல் இடித்தார்கள். சானிபெல் தீவில் 1950-களின் தொடக்கத்தில் அவர் கட்டிய வாக்கர் விருந்தினர் வீடு, 24 அடிக்கு 24 அடி, சிவப்பு இரும்புக் குண்டுகளின் எடையில் மேலே ஏறி இறங்கும் பலகைச் சுவர்களோடு நின்ற வீடு, 2019-ல் மனை இல்லாமல் வீடு மட்டும் ஏலத்தில் போனது. உண்மையான பிடிமானம் வேண்டுமென்றால் பாதுகாப்பு ஈஸ்மெண்ட் ஒன்றுதான். வீட்டின் முகத்தை மாற்றும் உரிமையைத் தகுதியுள்ள ஓர் அமைப்புக்குப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிடுவது. அது மனையோடு போகும், யார் வாங்கினாலும் கட்டுப்படுத்தும். விற்கும்போது விலை குறையலாம். பிள்ளைகளோடு பேசி, நல்ல வரி வழக்கறிஞரைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். வாங்கிய முதல் வருடமே வேண்டாம்.

இந்த வாரம் செய்ய வேண்டியது இவ்வளவுதான். விற்பவரிடம் மூன்று காகிதம் கேளுங்கள். ஒன்று, வெள்ள விவர அறிக்கை. 2024 அக்டோபர் 1 முதல் ஃப்ளோரிடாவில் வீடு விற்பவர் அதைத் தந்தே ஆக வேண்டும். இரண்டு, தரைமட்ட உயரச் சான்றிதழ். மூன்று, புயலுக்குப் பிறகு கவுண்டியிலிருந்து "கணிசமான சேதம்" என்று கடிதம் ஏதாவது வந்ததா, அதற்கப்புறம் நடந்த வேலைக்குப் பெர்மிட் இருக்கிறதா என்பது. இந்த மூன்றாவதில் மழுப்பினால் எவ்வளவு பிடித்திருந்தாலும் விலகிவிடுங்கள்.

அப்புறம், கணவரை ஒரு சாயங்காலம் நாலு மணி வாக்கில் அங்கே அழைத்துப் போங்கள். தரகர் வேண்டாம், சாவியை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். குளிர்சாதனத்தை நிறுத்தி, கடல் பக்கத்துப் பட்டைகளையும் எதிர்ப்பக்கத்துப் பட்டைகளையும் திறந்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு அரை மணி நேரம் இருவரும் அந்தத் தரையில் உட்காருங்கள். வரும்போது உத்தர நுனிகளை ஒவ்வொன்றாகப் படமெடுத்து, ஸ்க்ரூட்ரைவர் எத்தனை அங்குலம் இறங்கியது என்று கீழே எழுதி எனக்கு அனுப்புங்கள். பார்த்துவிட்டு மேலே சொல்கிறேன்.